ஆறு வீட்டு வார்த்தை

எங்கள் அம்மாவுக்கு நான்தான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் கொஞ்சம் தலைக்கனம் ஏறத்தான் செய்கிறது. மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு வாண்டு, எத்தனையோ வருஷம் சர்வீஸ் போட்ட நர்ஸுக்கு டீச்சர் என்றால் சும்மாவா? அதுவும் ஏனோதானோ டீச்சர் இல்லை. ஸ்கேலால் மேஜையைத் தட்டி, "எங்க பராக்கு பாக்கற?" என்று அதட்டுகிற டீச்சர். அம்மா எல்லாவற்றுக்கும் "சரிங்க டீச்சர்" என்று தலையாட்டுவாள். அவள் கோபிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி மலை ஏறிய பிறகும் அவள் பேச்சைவிட்டு அந்த 'ங்க' இறங்கவில்லை. பூனைக்குச் சோறு வைத்தால்கூட "சாப்புடுங்க" என்பாள்.

அப்போது நாங்கள் தேவாலாவுக்குப் பக்கத்தில் ஒரு டீ எஸ்டேட்டில் இருந்தோம். அப்பாவுக்கு ஃபாக்டரியில் வேலை. அம்மாவுக்கு எஸ்டேட் ஆஸ்பத்திரியில். ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சில கட்டில்கள், ஒரு மருந்து அலமாரி, எப்போதாவது எட்டிப் பார்க்கிற ஒரு டாக்டர், அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் அம்மாவின் ராஜ்யம். அங்கே வருகிறவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் உண்டு, மலையாளம் பேசுகிறவர்கள் உண்டு, இலங்கையிலிருந்து திரும்பி வந்து இன்னும் அந்த ஊர்த் தமிழே பேசுகிறவர்கள் உண்டு, காட்டோரக் குடியிருப்புகளிலிருந்து வந்து ஒன்றுமே பேசாமல் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. இத்தனை பாஷைக்கு நான் எங்கே போவேன் என்று அம்மா வாயை மூடிக்கொண்டு முதலில் கையை வைத்துவிடுவாள். புறங்கை நெற்றிக்கு, அப்புறம் விரல்கள் மணிக்கட்டுக்கு, அப்புறம் வயிற்றுக்கு. கேள்வியெல்லாம் அதற்குப் பிறகுதான். சிஸ்டர் கை வைத்தாலே பாதி நோய் போய்விடும் என்று தொழிலாளர் லைன் முழுக்கப் பேச்சு.

அந்தக் கைதான் அவளைக் கவிழ்த்தது.

நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் எஸ்டேட்டுக்குச் சொந்தம். வேலை இருக்கும் வரைக்கும்தான் வீடு. அப்பா ரிட்டயர் ஆகிற அன்று சட்டி பானையோடு வெளியே வந்துவிட வேண்டியதுதான். அதற்குள் சொந்தமாக ஒரு வீடு கட்டிவிட வேண்டும் என்பது அம்மா அப்பாவின் ஒரே பேச்சாக இருந்தது. ஆஸ்பத்திரியையும் மூடப்போகிறார்கள் என்று வேறு சொல்லிக்கொண்டார்கள். அம்மாவோடு வேலை பார்த்த ஒரு சேச்சி இங்கிலாந்துக்கு நர்ஸாகப் போனவர், ஊரில் மாடி வீடே கட்டிவிட்டார். அம்மாவும் போவதென்று முடிவாயிற்று. ஆனால் நடுவில் ஒரு ஆங்கிலத் தேர்வு இருந்தது. எழுதுவது, படிப்பது, கேட்பது எல்லாவற்றிலும் அம்மா முதல் தடவையே தேறிவிட்டாள். பேச்சில் போய்விட்டது.

அந்தத் தேர்வில் எதிரே ஒருவர் நோயாளியாக நடிப்பார். நாம் நர்ஸாக இருந்து அவரிடம் பேசி, பயத்தைப் போக்கி, சொல்ல வேண்டியதைப் புரியவைக்க வேண்டும். கோயமுத்தூரில் நடந்தது. நடிக்க வந்த பெண்மணி மூச்சு வாங்குகிறது என்று முனகினாராம். எங்கள் அம்மா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, மணிக்கட்டைப் பிடித்தபடி சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாடி பார்க்கும்போது பேசினால் கணக்குத் தப்பிவிடும் இல்லையா? அந்தப் பெண்மணியும் பாவம், நடிக்க வந்த இடத்தில் ஒருத்தி நிஜமாகவே நாடி பார்ப்பதைக் கண்டு திகைத்துப்போய்ப் பேசாமல் இருந்துவிட்டார். பேச்சுத் தேர்வின் பெரும்பகுதி இப்படிப் பேச்சில்லாமலே கழிந்தது. "அந்தம்மாவுக்கு நாடி நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்று அம்மா வந்து சொன்னபோது அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சிரித்தாள். ரிசல்ட் வந்த அன்றைக்கு இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

இன்னொரு தடவை எழுதலாம், அதோடு சரி என்று அப்பா சொல்லிவிட்டார். அதனால் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் கூடலூருக்கு பஸ் ஏறி ஒரு கோச்சிங் கிளாஸுக்குப் போனாள். அங்கிருந்த சார் அவளுக்கு இன்னொரு குறையும் இருப்பதைக் கண்டுபிடித்தார். அவள் பேசுகிற ஆங்கிலம் தேவாலா மழை மாதிரி ஒரே சீராக விழுகிறதாம். நீளமான வார்த்தையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டை மட்டும் அழுத்திச் சொல்லி, மற்றவற்றை லேசாக விட்டுவிட வேண்டும். எல்லாவற்றையும் இப்படிச் சமமாக இடித்தால் வெள்ளைக்காரர்களுக்குப் புரியாது என்றாராம். அம்மா போனைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்கியபடி சொல்லிப் பார்ப்பாள். போன் ஒன்று சொல்லும், இவள் வேறொன்று சொல்வாள்.

இந்த இடத்தில்தான் நான் நுழைந்தேன். எங்கள் மிஸ் அதே பாடத்தை அப்போதுதான் எங்களுக்கு நடத்தியிருந்தார். தாடைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு வார்த்தையைச் சொல்ல வேண்டும். தாடை எத்தனை தடவை இறங்கிக் கையை இடிக்கிறதோ, அந்த வார்த்தையில் அத்தனை துண்டு. அம்மாவின் கையெல்லாம் வெங்காயமாக இருந்தது. அதனால் நான் ஸ்டூலில் ஏறி நின்று என் கையை அவள் தாடைக்கு அடியில் வைத்து, "இப்ப சொல்லு" என்றேன். மெ-டி-சின். மூன்று இடி. அம்மாவின் கண்ணில் தண்ணீர். வெங்காயம்தான் காரணம், வேறொன்றும் இல்லை. "அட, இதென்ன அம்முணி, வித்தையா இருக்குது" என்றாள். அன்றைக்கே நான் டீச்சராகிவிட்டேன்.

சாயங்காலம் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, சுடுதண்ணீரில் கைகால் கழுவிக்கொண்டதும் வகுப்பு தொடங்கும். வகுப்பில் நான் அவளை நீ வா போ என்பேன், அவள் என்னை வாங்க போங்க என்பாள். "ஏனுங்க டீச்சர், அடுப்புல சோறு கொதிக்குதுங்க. எறக்கி வெச்சுட்டு வரட்டுங்களா?" என்று எழுந்து நின்று கேட்பாள். நான் யோசித்துத்தான் அனுமதி கொடுப்பேன்.

துண்டு போடுவது சீக்கிரம் வந்துவிட்டது. எதை அழுத்துவது என்பதுதான் தலைவலி. அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் வீட்டுக்குக் கீழே தொழிலாளர்களின் லைன் வீடுகள், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் கரண்ட் போவதென்பது சாப்பாட்டு நேரம் மாதிரி தினமும் நடக்கிற விஷயம். அப்போது வரிசையில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் லைட் எரியும். அந்த வீட்டுக்காரர் இன்வெர்ட்டர் வாங்கி வைத்திருந்தார். மற்ற வீடுகளில் மெழுகுவர்த்தி. வார்த்தையும் ஒரு லைன்தான் என்று அம்மாவுக்கு விளக்கினேன். ஒவ்வொரு துண்டும் ஒரு வீடு. எந்த வீட்டில் லைட் எரிகிறதோ அங்கே சத்தமாகச் சொல்ல வேண்டும். மற்ற வீட்டையெல்லாம் மெதுவாகத் தாண்டிப் போய்விட வேண்டும். டெம்பரேச்சருக்கு முதல் வீட்டில் லைட். எமர்ஜென்சிக்கு இரண்டாவது வீட்டில். ஷன் என்று முடிகிற வார்த்தைக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வீட்டுக்கு முந்தின வீடு. இந்தக் கடைசி விதி கூடலூர் சார் சொன்னது. ஆனால் அம்மா அதை என்னிடம் சொன்ன மறுநாளே நான் அதை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

அம்மா நல்ல மாணவி. ஆஸ்பத்திரியில்கூட விடாமல் பழகினாள். அதில் ஒரு சங்கடமும் வந்தது. தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தி பட்டுக் காலைக் கிழித்துக்கொண்டு வந்த ஒரு அக்காவிடம், தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இன்ஃபெக்ஷன் ஆகிவிடும் என்று நடு வீட்டில் லைட்டைப் போட்டுச் சொல்லியிருக்கிறாள். அந்த அக்கா இதுநாள் வரை தனக்குத் தெரிந்த இன்ஃபெக்ஷன் இது இல்லை, ஏதோ பெரிய வியாதியாக இருக்கும் என்று பயந்து வீட்டுக்குப் போய் அழுதுவிட்டார். லைனில் உள்ளவர்களும் சிஸ்டருக்கு என்ன ஆயிற்று, ஏன் வார்த்தையைப் பாதி முழுங்குகிறார் என்று அப்பாவிடம் கவலையோடு விசாரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கூடலூர் சார் கொடுத்த மாதிரிக் கேள்விகளில் ஒன்று எங்கள் வீட்டில் ரொம்ப நாள் ஓடியது. ஒரு வெள்ளைக்காரக் கிழவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டிருக்கிறாள். ஆபரேஷன் முடிந்துவிட்டது. நேரே வீட்டுக்குப் போகிறேன் என்று அடம் பிடிக்கிறாள். முதலில் ரிஹாபிலிடேஷனுக்குப் போய் நடக்கப் பழகிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று நர்ஸ் அவளைச் சம்மதிக்க வைக்க வேண்டும். ரி-ஹ-பி-லி-டே-ஷன். ஆறு வீடு! எங்கள் பாடத்திலேயே பெரிய லைன் அதுதான். அம்மா அதில் தடுக்கித் தடுக்கி விழுந்தாள். நான் அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வீடாக நடத்திக்கொண்டு போனேன். ஐந்தாவது வீட்டில் லைட் என்பது அவள் நாக்கில் ஏறிய அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சமையலறையில் ஒரு ஆட்டம் போட்டோம்.

கிழவியாக நடித்தது நான்தான். அப்பாவின் குரங்குக் குல்லா, அம்மாவின் சால்வை, கையில் குடை. முதல் நாள் நான் "ஆ" என்று முனகியதுமே அம்மாவின் புறங்கை என் நெற்றிக்கு வந்துவிட்டது. அதற்குத்தானே போன தடவை கோட்டைவிட்டாள். "கைய கட்டு" என்று அதட்டினேன். அதிலிருந்து அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மார்புக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டுதான் எனக்கு ஆறுதல் சொன்னாள். கிழவி எவ்வளவு துடித்தாலும் கை பிரியக் கூடாது. வாயால் மட்டும்தான் பேச வேண்டும்.

தேர்வு பாஸானால் அம்மா முதலில் போவாள், நாங்கள் பின்னால் போவோம் என்று ஏற்பாடு. எனக்கு அதில் ஒரு குழப்பமும் இருக்கவில்லை. கூடலூர் பஸ்ஸில் கூட்டமாக இருந்தால் அப்பா எப்போதும் அம்மாவை ஏற்றிவிட்டு, "நாங்க பின்னால வர்றோம்" என்பார். அடுத்த பஸ்ஸில் நாங்கள் போய் இறங்கும்போது அவள் பஸ் ஸ்டாண்டில் பழக்கடை ஓரமாக நின்றுகொண்டிருப்பாள். இங்கிலாந்திலும் இறங்குகிற இடத்தில் அப்படி ஒரு பழக்கடை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்வுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, கூடலூர் சாரின் கேள்வி அட்டையில் எழுதியிருப்பதையே கேட்டுக்கொண்டிருந்தால் அம்மா தேற மாட்டாள், புதிதாக ஏதாவது கேட்டுத் திணறடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ரிஹாபிலிடேஷனுக்குப் போக மாட்டேன் என்று கிழவி வழக்கம்போலச் சொன்னாள். ஏன் என்று நர்ஸ் கேட்டாள். "ஐ வான்ட் மை மதர்" என்று கிழவி குடையைக் கீழே போட்டுவிட்டு ஓவென்று அழுதாள். அந்த வயசுக் கிழவி அம்மாவைக் கேட்டு அழ மாட்டாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. வலித்தால் எல்லோரும் அம்மா என்றுதானே கத்துகிறார்கள், ஆஸ்பத்திரியில் தினமும் கேட்கிறேனே. நடிப்பு எனக்கே பிடித்துப்போய் இன்னும் கொஞ்சம் சத்தமாக அழுதேன்.

நர்ஸ் என் பக்கம் குனிந்தாள். கட்டியிருந்த கை பிரிந்தது. குல்லா, சால்வை எல்லாவற்றோடும் சேர்த்து என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். என் முகம் அவள் தோளில் அமுங்கியிருந்தது. "டீச்சருங்க, இன்னைக்கு ஒரு நாள் லீவு விட்டுருங்க" என்றாள். குரல் என்னவோ போல இருந்தது. நான் திமிறிக்கொண்டு எழுந்து, "கைய எடுத்துட்ட. ஃபெயில்" என்றேன்.

ஆனால் நிஜத் தேர்வில் அவள் ஃபெயிலாகவில்லை. ஒரு மத்தியானம் ரிசல்ட் வந்தது. அப்பா ஃபாக்டரியிலிருந்து போனைக் கையில் பிடித்துக்கொண்டு மழையில் நனைந்தபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அம்மா யாருக்கோ புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாளாம். விஷயத்தைக் கேட்டும் நிமிராமல், கட்டை முடித்து, பிளாஸ்திரி ஒட்டி, நாளைக்கு வந்து காட்டுங்க என்று அவரை அனுப்பிவிட்டுத்தான் வெளியே வந்தாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அதே யூனிஃபார்மோடு லைன் முழுக்க ஓடி, எங்கம்மா பாஸ் என்று கத்திவிட்டு வந்தேன். எல்லோரும் என் கன்னத்தைக் கிள்ளி நீதானே டீச்சர் என்றார்கள். அப்பா தேவாலா பஜாரில் ஜிலேபி வாங்கி வந்தார். அம்மா எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தாள். தனக்கு வேண்டாம், தித்திப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள்.

அதற்கப்புறம் வீட்டில் எந்நேரமும் விசா, டிக்கெட் என்று பேச்சு. அம்மாவுக்குச் சக்கரம் வைத்த பெரிய பெட்டி வந்தது. நான் அதை வீட்டுக்குள் உருட்டி விளையாடினேன். நாங்கள் பின்னால் போவது நான் ஏழாம் வகுப்பு முடிக்கும் வரைக்கும் தள்ளிப்போகும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? வகுப்பை நான் அப்போதே இழுத்து மூடிவிட்டிருந்தேன். பாஸான பிள்ளைக்கு என்ன பாடம்? ஆனால் ஒருநாள் சாயங்காலம் அம்மா தானாகவே வந்து மேஜை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"டீச்சருங்க, இன்னைக்கு கிளாஸ் இல்லீங்களா?"

நீதான் பாஸாகிவிட்டாயே என்றேன். அங்கே போய் மறந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். நியாயமான கேள்வியாகத்தான் இருந்தது. ஸ்கேலைத் தேடி எடுத்து வந்து அவள் தாடையைப் பிடித்தேன். மெடிசின், டெம்பரேச்சர், எமர்ஜென்சி எல்லாம் கரெக்ட். ரிஹாபிலிடேஷன் என்றேன். முதல் வீட்டில் லைட்டைப் போட்டாள்.

நான் சிரித்துவிட்டு மறுபடியும் சொல்லச் சொன்னேன். இரண்டாவது வீட்டில் போட்டாள். "ஷன்னு முடிஞ்சா எந்த ஊடு?" என்று அதட்டினேன். "கடைசி ஊட்டுக்கு முந்தின ஊடுங்க டீச்சர்" என்று அப்படியே ஒப்பித்தாள். "அப்ப சொல்லு" என்றால் நேரே மூன்றாவது வீட்டுக்குப் போனாள். அப்புறம் நாலாவது. அப்புறம் ஒரே தாவாகக் கடைசி வீடு. மறுநாளும் இதே கதை. அதற்கு மறுநாளும். ஆடிப்பாடி மனப்பாடம் செய்த வார்த்தை! எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. முதலிலிருந்து ஒவ்வொரு துண்டாகச் சொல்லிக்கொடுத்தேன். அவள் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. என் கையில் தாடையைப் பதித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பு நீண்டுகொண்டே போய், சோறு ஆறிப்போய், அப்பா வந்து கூப்பிடும்போதும் "இன்னொருக்கா சொல்லிக் குடுங்க டீச்சர்" என்றாள்.

நான் அப்பாவிடம் புகார் கொண்டுபோனேன். அவர் பெட்டியின் மேல் ஊர் பேர் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு எல்லாம் மறந்துவிட்டது, பாஸானது வேஸ்ட் என்றேன். எந்த வார்த்தை என்று கேட்டார். சொன்னேன். ஐந்தாவது வீட்டை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லா வீட்டுக்கும் போகிறாள் என்றும், எத்தனை தடவை சொன்னாலும் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் போவதே இல்லை என்றும் விவரமாகச் சொன்னேன். அப்பா ஒட்டிய தாளை விரலால் நீவிவிட்டு நிமிர்ந்தார்.

"அது கஷ்டமான வார்த்தை, கண்ணு. அம்மா கெளம்பற வரைக்கும் தெனமும் சொல்லிக் குடு. திட்டாம சொல்லிக் குடு."

லைட் எரிகிற வீடு எதுவென்று நிஜமாகவே தெரியாதவள் என்றால், ஒரு தடவையாவது தெரியாத்தனமாக அங்கே போய் நின்றிருப்பாள். இது எனக்கு உறைக்கவில்லை. எனக்கு இருந்ததெல்லாம் ஒரே ஒரு பயம்தான். அங்கே ஏர்போர்ட்டில் யாராவது அவளை நிறுத்தி அந்த வார்த்தையைச் சொல்லச் சொல்வார்கள், இவள் தப்பாகச் சொல்வாள், அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவள் புறப்படுகிற வாரம், ஸ்கூல் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற இடத்தில் மரத்தடியில் இருந்த பிள்ளையாருக்குத் தினமும் தோப்புக்கரணம் போட்டேன். அம்மாவுக்கு எப்படியாவது அந்த வார்த்தை வந்துவிட வேண்டும், அவளை யாரும் திருப்பி அனுப்பிவிடக் கூடாது என்று காதைப் பிடித்துக்கொண்டு மனமுருக வேண்டிக்கொண்டேன்.

பிள்ளையார் கேட்டுக்கொண்டார். அவளை யாரும் திருப்பி அனுப்பவில்லை.